பரிமாற்ற விலை ஆலோசகர்: லாபம் எந்த நாட்டில் சேர வேண்டும் என்பதை ஆராயும் தொழில்

பினாங்கு, பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலை மின்னியல் பாகம் ஒன்றைத் தயாரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை அந்தத் தொழிற்சாலை வெளியாரிடம் நேராக விற்பதில்லை. சிங்கப்பூரில் இருக்கும் சகோதர நிறுவனத்துக்கு விற்கிறது. வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு விற்பது அந்தச் சிங்கப்பூர் நிறுவனம். இரண்டு நிறுவனங்களுக்கும் முதலாளி ஒருவரே. அப்படியானால், பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்குப் போகும் பொருளுக்கு என்ன விலை போடுவது? அதை யார் முடிவு செய்வது?

ஒரே குழுமத்தைச் சேர்ந்த நிறுவனங்கள் தங்களுக்குள் வாங்கி விற்கும் பொருளுக்கும், சேவைக்கும், கடனுக்கும் போடும் விலைக்குப் பரிமாற்ற விலை என்று பெயர். ஆங்கிலத்தில் டிரான்ஸ்ஃபர் பிரைசிங் என்பார்கள். அந்த விலை நியாயமானதா என்று ஆராய்ந்து, அதற்கான ஆவணங்களைத் தயாரித்து, வரி அதிகாரிகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல நிறுவனங்களுக்குத் துணை நிற்பவரே பரிமாற்ற விலை ஆலோசகர். கணக்காய்வாளர், வழக்கறிஞர் என்றால் தெரியும் அளவுக்கு இந்தத் தொழில் தமிழ்க் குடும்பங்களில் அறியப்படவில்லை. ஆனால் ஒரு நாட்டின் அரசாங்கக் கருவூலத்துக்கு வர வேண்டிய பணம் வருகிறதா இல்லையா என்பது இந்தக் கணக்கில்தான் அடங்கியிருக்கிறது.

விலை மாறினால் வரி மாறும்

மலேசியாவில் நிறுவன வருமான வரி பொதுவாக 24 விழுக்காடு. சிங்கப்பூரில் 17 விழுக்காடு. மேலே சொன்ன பாகத்தைத் தயாரிக்க 80 வெள்ளி செலவு, கடைசி வாடிக்கையாளர் கொடுப்பது 120 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், குழுமத்துக்கு மொத்த லாபம் 40 வெள்ளி. கணக்கு எளிதாக இருக்க மற்றச் செலவுகளை விட்டுவிடலாம்.

பினாங்கு நிறுவனம் 110 வெள்ளிக்கு விற்றால் மலேசியாவில் லாபம் 30 வெள்ளி, வரி 7 வெள்ளி 20 காசு. சிங்கப்பூரில் லாபம் 10 வெள்ளி, வரி 1 வெள்ளி 70 காசு. குழுமம் கட்டும் மொத்த வரி 8 வெள்ளி 90 காசு.

அதே பாகத்தை 84 வெள்ளிக்கு விற்றால் மலேசியாவில் லாபம் 4 வெள்ளிதான், வரி 96 காசு. சிங்கப்பூரில் லாபம் 36 வெள்ளி, வரி 6 வெள்ளி 12 காசு. மொத்தம் 7 வெள்ளி 8 காசு.

பாகமும் அதே, தொழிலாளரும் அதே, வாடிக்கையாளர் கொடுத்த பணமும் அதே. இடையிலே எழுதிய விலை மட்டும் மாறியது. அதனால் குழுமத்துக்கு ஒரு பாகத்தில் 1 வெள்ளி 82 காசு மிச்சம். மலேசியாவுக்கு இழப்போ 6 வெள்ளி 24 காசு. ஆண்டுக்குப் பத்து லட்சம் பாகம் விற்றால் மலேசியக் கருவூலத்துக்கு வராமல் போவது 6.24 மில்லியன் வெள்ளி.

இதைப் பார்த்தவுடன் 84 வெள்ளி என்பது ஏமாற்று விலை என்று முடிவு கட்டிவிட முடியாது. பொருளை வடிவமைத்தது யார், வாடிக்கையாளரைத் தேடிப் பிடித்தது யார், சரக்கு விற்காமல் தேங்கினால் நட்டம் யாருடையது என்று கேட்க வேண்டும். இவை எல்லாம் சிங்கப்பூர் நிறுவனத்தின் பொறுப்பு என்றால் லாபத்தில் பெரும்பங்கு அங்கே சேர்வது நியாயம். மாறாக, அங்கே இரண்டு பேர் உட்கார்ந்து பில் மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தால் அந்த விலை நிற்காது. எந்த வேலை எங்கே நடந்தது என்பதைக் கண்டறிவதே ஆலோசகரின் முதல் கடமை.

தோட்டக் காலத்திலேயே இருந்த கேள்வி

பெயர் புதிதானாலும் விஷயம் மலாயாத் தமிழர்களுக்குப் புதிதல்ல. பால்மரம் சீவியது பேராவிலும் சிலாங்கூரிலும் ஜொகூரிலும். ஆனால் பல தோட்டங்களின் உரிமை லண்டனில் பதிவான நிறுவனங்களிடம் இருந்தது. கத்ரி, ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்ஃபீல்ட் போன்ற ஏஜென்சி ஹவுஸ் எனப்பட்ட முகவர் நிறுவனங்கள் தோட்டங்களை நிர்வகித்தன. நிர்வாகக் கட்டணம், ரப்பரை விற்றுக்கொடுக்கும் கமிஷன், சாமான் வாங்கிக்கொடுக்கும் கமிஷன் எனத் தோட்டக் கணக்கிலிருந்து அவற்றுக்குப் பணம் போனது. தோட்டத்தில் மிஞ்சிய லாபம் எவ்வளவு, முகவருக்குப் போனது எவ்வளவு என்பது இன்று பரிமாற்ற விலை ஆலோசகர் கேட்கும் அதே கேள்விதான்.

ஒரு சில முகவர் நிறுவனங்களின் கையில் மலாயாப் பொருளாதாரம் எப்படிச் சிக்கியிருந்தது என்பதை ஜேம்ஸ் புதுச்சேரி 1960ஆம் ஆண்டு வெளிவந்த தமது ஆங்கில நூலில் விவரித்தார். சாங்கிச் சிறையில் அரசியல் கைதியாக இருந்த காலத்தில் அவர் எழுதிய நூல் அது. பின்னர் 1981 செப்டம்பர் 7ஆம் தேதி, லண்டன் பங்குச் சந்தையில் சில மணி நேரத்துக்குள் கத்ரி நிறுவனத்தின் பங்குகளை வாங்கி அதன் கட்டுப்பாட்டைப் பெர்மோடாலான் நேஷனல் பெர்ஹாட் கைப்பற்றியது.

உரிமை கைமாறினாலும் கேள்வி தீரவில்லை. இன்று செம்பனை எண்ணெய் ஆலை ஒன்று, வெளிநாட்டில் உள்ள தன் வர்த்தகக் கிளைக்குக் கச்சா எண்ணெயை விற்கிறது என்றால் அந்த விலையும் சோதனைக்கு உட்பட்டதே. செம்பனை எண்ணெய்க்கு மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் விலை வெளியிடுகிறது. பூர்சா மலேசியாவில் முன்பேர வணிகமும் நடக்கிறது. ஆகவே ஒப்பிட விலை கிடைக்கும். ஆனால் எந்தத் தேதியின் விலையை எடுப்பது என்பதில் தகராறு வரும். விலை ஏறி இறங்கும் சரக்கில், ஒப்பந்தம் எழுதிய தேதியைப் பிற்பாடு வசதிக்கேற்ப மாற்றிக்கொண்டால் லாபத்தை நகர்த்திவிடலாம். அதனால்தான் தேதிக்கான சான்றையும் வரி அதிகாரிகள் கேட்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது

உலகம் முழுதும் ஏறக்குறைய ஒரே விதிதான். உறவில்லாத இருவர், அதே சூழ்நிலையில், பேரம் பேசி முடித்திருக்கக்கூடிய விலையே சரியான விலை. ஆர்ம்ஸ் லெங்த் கொள்கை என்று இதைச் சொல்வார்கள். பொருளாதார ஒத்துழைப்பு மேம்பாட்டு அமைப்பான ஓ.இ.சி.டி. 1995இல் வெளியிட்டுப் பலமுறை திருத்திய வழிகாட்டியே பல நாடுகளுக்கு அடிப்படை.

மலேசியாவில் வருமான வரி வாரியமான எல்.எச்.டி.என். 2003இல் முதல் வழிகாட்டியை வெளியிட்டது. 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 140ஏ பிரிவு சேர்க்கப்பட்டு 2009 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. 2012இல் விதிமுறைகள் வந்தன. அவற்றுக்குப் பதிலாக 2023ஆம் ஆண்டு விதிமுறைகள் வந்தன. 2024 டிசம்பரில் புதிய வழிகாட்டி வெளியானது.

நிறுவனங்கள் அறிந்திருக்க வேண்டிய முக்கிய அம்சங்கள் இவை:

• ஆண்டு மொத்த வணிக வருமானம் 30 மில்லியன் வெள்ளியைத் தாண்டி, வெளிநாட்டு உறவு நிறுவனங்களுடனான பரிவர்த்தனை 10 மில்லியன் வெள்ளியை எட்டினால் முழு ஆவணம் தேவை. உறவு நிறுவனங்களுக்கிடையிலான கடனுதவி 50 மில்லியன் வெள்ளியைத் தாண்டினாலும் அப்படியே.

• ஆவணம் வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும் முன்பே தயாராக இருக்க வேண்டும். வாரியம் கேட்டால் 14 நாளில் கொடுக்க வேண்டும். முன்பு 30 நாள் அவகாசம் இருந்தது.

• ஆவணம் கொடுக்கத் தவறினால் 20,000 வெள்ளி முதல் 100,000 வெள்ளி வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

• விலையை வாரியம் திருத்தினால், திருத்திய தொகையில் 5 விழுக்காடு வரை கூடுதல் கட்டணம் விதிக்கலாம். நிறுவனம் நட்டத்தில் இருந்து, கட்ட வேண்டிய வரி எதுவும் இல்லாவிட்டாலும் இது பொருந்தும்.

• சாதாரண வரிக் கணக்கை 5 ஆண்டு வரை திருப்பிப் பார்க்கலாம் என்றால், பரிமாற்ற விலைக்கு 7 ஆண்டு.

சிங்கப்பூரிலும் இதே போக்குதான். அங்கே 2019 வரி மதிப்பீட்டு ஆண்டு முதல் ஆவணம் கட்டாயமானது. 5 விழுக்காட்டுக் கூடுதல் கட்டணமும் அங்கு உண்டு.

ஆலோசகர் அன்றாடம் செய்யும் வேலை

கணினி முன் உட்கார்ந்து கணக்குப் போடுவது மட்டுமே இந்த வேலை என்று நினைப்பது தவறு. தொடக்கம் மனிதர்களோடு பேசுவதில்தான். தொழிற்சாலை மேலாளர், கொள்முதல் அதிகாரி, விற்பனைப் பிரிவினர், மனிதவளத் துறையினர் என ஒவ்வொருவரிடமும் கேள்வி கேட்க வேண்டும். மூலப்பொருளை யார் தேர்ந்தெடுக்கிறார்? தரம் குறைந்த சரக்கு திரும்பி வந்தால் யார் செலவு? இயந்திரம் யாருடையது? விலையைப் பேசும் அதிகாரம் யாருக்கு? பணி, சொத்து, இடர் ஆகிய மூன்றும் யாரிடம் உள்ளன என்று பிரித்து எழுதுவதே ஆவணத்தின் முதுகெலும்பு.

ஒப்பந்தத்தில் ஒன்று எழுதியிருக்கும். நடப்பது வேறாக இருக்கும். முக்கிய முடிவெல்லாம் தலைமையகத்தில் எடுக்கப்படுகிறது என்று ஒப்பந்தம் சொல்லும். ஆனால் பினாங்கில் இருக்கும் பொறியாளர்கள்தான் உற்பத்தி முறையை மாற்றியமைத்து, கழிவைக் குறைத்து, வாடிக்கையாளரின் புகாரையும் தீர்த்துக்கொண்டிருப்பார்கள். அப்போது தாளில் உள்ளதை அப்படியே எடுத்து எழுதும் ஆலோசகர், தணிக்கை நாளில் தம் வாடிக்கையாளரைச் சிக்கலில் மாட்டிவிடுவார். வரி அதிகாரிகள் தாளைத் தாண்டி நடைமுறையைப் பார்க்கிறார்கள்.

அடுத்தது ஒப்பீடு. ஐந்து முறைகள் வழக்கில் உள்ளன. வெளியாருக்கு விற்ற விலையோடு நேராக ஒப்பிடுவது முதல் முறை. மறுவிற்பனை விலையிலிருந்து வியாபாரியின் பங்கைக் கழித்துப் பின்னோக்கி வருவது இரண்டாவது. உற்பத்திச் செலவின் மேல் நியாயமான லாபம் சேர்ப்பது மூன்றாவது. அதே வகைத் தொழில் செய்யும் வேறு நிறுவனங்களின் நிகர லாப விகிதத்தோடு ஒப்பிடுவது நான்காவது; நடைமுறையில் அதிகம் பயன்படுவது இதுவே. இரு தரப்பும் தனித்துவமான பங்களிப்பைச் செய்திருந்தால் மொத்த லாபத்தையே பங்கு பிரிப்பது ஐந்தாவது.

நான்காவது முறைக்கு ஒப்பிடத்தக்க நிறுவனங்களைத் தேட வேண்டும். மலேசிய நிறுவன ஆணையமான எஸ்.எஸ்.எம்.மிடம் தாக்கலான கணக்குகளும், ஓர்பிஸ் போன்ற தரவுத் தளங்களும் உதவும். தேடிக் கிடைத்த நிறுவனங்களின் லாப விகிதத்தை ஏறுவரிசையில் அடுக்கினால், நடுவில் இருக்கும் பகுதியே ஏற்கத்தக்க எல்லை. 2023 விதிமுறைகளின்படி 37.5 முதல் 62.5 சதமான நிலை வரையே அந்த எல்லை. முன்பு 25 முதல் 75 வரை ஏற்கும் வழக்கம் இருந்தது. எல்லைக்கு வெளியே போனால் நட்ட நடுவில் உள்ள விகிதத்துக்குத் திருத்தப்படும். எல்லை குறுகியதால், ஒப்பீட்டு நிறுவனம் ஒன்றைச் சேர்ப்பதும் நீக்குவதும்கூடப் பல மில்லியன் வெள்ளி வித்தியாசத்தை ஏற்படுத்தலாம்.

மூன்றாவது கட்டம் தற்காப்பு. வாரியத்தின் தணிக்கைக் கடிதம் வந்தால் பதில் எழுதுவது, பேச்சுவார்த்தையில் அமர்வது, உடன்பாடு இல்லையென்றால் வருமான வரிச் சிறப்பு ஆணையர்களிடம் மேல்முறையீடு செய்ய வழக்கறிஞருக்கு உதவுவது எல்லாம் இதில் அடங்கும். மேல்முறையீட்டுக்கு, மதிப்பீடு கிடைத்த 30 நாளுக்குள் கியூ பாரம் தாக்கல் செய்ய வேண்டும். தகராறு வருவதற்கு முன்பே விலை முறையை வாரியத்தோடு பேசி முடித்துக்கொள்ளும் முன்னேற்பாட்டு ஒப்பந்தமும் மலேசியாவில் உண்டு.

உலகம் கவனித்த இரு வழக்குகள்

கனடாவில் கிளாக்சோ நிறுவனம், வயிற்றுப்புண் மருந்தான ரானிடிடினின் மூலப்பொருளை 1990 முதல் 1993 வரை தன் சுவிஸ் உறவு நிறுவனத்திடமிருந்து கிலோ 1,512 முதல் 1,651 கனடிய டாலர் வரை கொடுத்து வாங்கியது. அதே மூலப்பொருளைப் பொதுப்பெயர் மருந்து தயாரித்தவர்கள் 194 முதல் 304 டாலருக்கு வாங்கினார்கள். பார்த்த மாத்திரத்தில் அநியாயம் என்று தோன்றும். ஆனால் 2012இல் கனடா உச்ச நீதிமன்றம், விலையை மட்டும் தனியே பார்க்கக் கூடாது, அந்த நிறுவனத்துக்கு வணிகப் பெயரைப் பயன்படுத்தக் கிடைத்த உரிமையையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்றது. எளிதாகத் தெரியும் ஒப்பீடும் முழுமையானதாக இல்லாமல் போகலாம் என்பதற்கு இந்த வழக்கை இன்றும் எடுத்துக்காட்டுவார்கள்.

இன்னொன்று சிங்கப்பூரைத் தொட்டது. ஆஸ்திரேலியச் சுரங்க நிறுவனமான பி.எச்.பி. தன் தாதுப் பொருள்களைச் சிங்கப்பூரில் உள்ள விற்பனை மையத்தின் வழியாக விற்றது. அந்த மையத்தில் சேர்ந்த லாபம் ஆஸ்திரேலியாவுக்குரியது என்று அந்நாட்டு வரித் துறை வாதிட்டது. நீண்ட தகராறுக்குப் பின் 2018 நவம்பரில், தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமல், 529 மில்லியன் ஆஸ்திரேலிய டாலர் செலுத்த நிறுவனம் உடன்பட்டது.

படிப்பும் பாதையும்

இந்தத் துறைக்கு ஒரே வாசல் என்று எதுவும் இல்லை. கணக்கியல் படித்தவர்கள் அதிகம். பொருளாதாரம், சட்டம் படித்தவர்களும் வருகிறார்கள்.

எஸ்.பி.எம். முடித்தவர்கள் எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் அல்லது டிப்ளோமா வழியாகக் கணக்கியல் பட்டத்துக்குப் போகலாம். மலாயா, யு.கே.எம்., யு.எஸ்.எம்., யு.பி.எம்., யு.யு.எம். போன்ற அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் அந்தப் படிப்பு உண்டு. பட்டத்துக்குப் போகாமல் ஏ.சி.சி.ஏ. போன்ற தொழில்முறைத் தேர்வு வழியாகவும் வரலாம். அதற்குத் தேர்வுகளோடு மூன்று ஆண்டு பணி அனுபவமும் வேண்டும். பிறகு மலேசியக் கணக்காளர் கழகமான எம்.ஐ.ஏ.யில் உறுப்பினராகலாம். வரியில் ஆழமாகப் போக விரும்புவோருக்கு மலேசிய வரிவிதிப்புக் கழகமான சி.டி.ஐ.எம். தேர்வுகள் உள்ளன. அனைத்துலக வரிக்கென்றே பிரிட்டனின் வரிக் கழகம் நடத்தும் ஏ.டி.ஐ.டி. தேர்வில் பரிமாற்ற விலைக்குத் தனிப் பாடம் உண்டு. வரி முகவராகச் செயல்பட வருமான வரிச் சட்டத்தின் 153ஆம் பிரிவின்கீழ் நிதியமைச்சின் அங்கீகாரம் தேவை.

வேலை கிடைக்கும் இடங்கள் மூன்று வகை. டெலாய்ட், பி.டபிள்யூ.சி., இ.ஒய்., கே.பி.எம்.ஜி. ஆகிய நான்கு பெரிய நிறுவனங்களிலும் நடுத்தரக் கணக்கியல் நிறுவனங்களிலும் ஆலோசகராகச் சேரலாம். பன்னாட்டு நிறுவனங்களின் சொந்த வரிப் பிரிவில் பணியாற்றலாம். மேசையின் மறுபக்கம், வருமான வரி வாரியத்தில் தணிக்கை அதிகாரியாகவும் ஆகலாம். வாரியத்தில் சேர மலாய் மொழித் தேர்ச்சி அவசியம். சில ஆண்டு ஒரு பக்கம் இருந்துவிட்டு மறுபக்கம் போவோரும் உண்டு.

கணக்கில் கெட்டிக்காரராக இருந்தால் மட்டும் போதாது. வேலையின் பெரும்பகுதி எழுத்து. ஒரு தொழிற்சாலை எப்படி இயங்குகிறது என்பதை, அதைப் பார்த்திராத ஓர் அதிகாரிக்குப் புரியும்படி ஆங்கிலத்தில் எழுத வேண்டும். வாரியத்தோடு மலாயில் பேச வேண்டும். ஆண்டுக் கணக்கு முடியும் பருவத்தில் இரவு வெகுநேரம் வேலை இருக்கும் என்பதையும் சேரும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

ஆலோசனைக்கும் ஒளிப்புக்கும் இடையே

சட்டம் அனுமதித்த வழியில் வரியைக் குறைப்பது ஒன்று. நடக்காததை நடந்ததாக எழுதுவது வேறு. ஆலோசகருக்குச் சம்பளம் கொடுப்பது நிறுவனம்தான். இல்லாத சேவைக்குக் கட்டணம் காட்டவும், முடிந்துபோன ஆண்டுக்குப் பின்தேதியிட்ட ஒப்பந்தம் எழுதவும் கேட்பவர்கள் இருப்பார்கள். மறுத்துப் பேசத் தெரியாதவருக்கு இந்தத் தொழில் ஏற்றதல்ல. ஆவணம் பொய்யென்று தெரிந்தால் பாதிப்பு நிறுவனத்தோடு நிற்காது. அதைத் தயாரித்தவரின் பெயரும் கெடும்.

துறையும் மாறிக்கொண்டே இருக்கிறது. ஆண்டு வருமானம் 750 மில்லியன் யூரோ அல்லது அதற்கு மேற்பட்ட பன்னாட்டுக் குழுமங்கள் குறைந்தது 15 விழுக்காடு வரி கட்ட வேண்டும் என்ற உலகளாவிய ஏற்பாட்டை மலேசியாவும் சிங்கப்பூரும் 2025 ஜனவரி 1 முதல் நடப்புக்குக் கொண்டுவந்தன. லாபத்தைக் குறைந்த வரி நாட்டுக்கு நகர்த்துவதால் கிடைக்கும் பலன் இதனால் குறையும். ஆனால் எந்த நாட்டில் எவ்வளவு லாபம் உண்டானது என்ற கணக்கு அப்போதும் தேவை.

தரவுத் தேடல் போன்ற வேலைகளை மென்பொருள் விரைவாகச் செய்துவிடுகிறது. தொழிற்சாலைத் தளத்துக்குப் போய், அங்கே உண்மையில் யார் என்ன செய்கிறார்கள் என்று கேட்டு, அதைத் திரிக்காமல் எழுதுவது ஆலோசகரின் பொறுப்பாகவே இருக்கிறது. எஸ்.பி.எம். கணக்கியல் பாடத்தில் நல்ல தேர்ச்சி பெற்று, எழுத்திலும் ஆர்வமுள்ள மாணவர்கள், பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்பும்போது இந்தத் துறையையும் விசாரித்துப் பார்க்கலாம். மலேசியாவில் செய்யப்பட்ட வேலையின் மதிப்பு மலேசியாவின் கணக்கில் சேர்ந்ததா என்று கேட்கத் தெரிந்தவர்கள் ஆலோசனை நிறுவனங்களுக்கும் தேவை, வரி வாரியத்துக்கும் தேவை.